கொலையாளியின் வீட்டுக்கு ஆறுதல், பிரிந்துபோன மகனுக்குத் தனி மேசை

கேள்வி இதுதான்: "2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒருவன் அமிஷ் பள்ளிக்குள் புகுந்து சிறுமிகளைச் சுட்டுக் கொன்றான். அன்று இரவே அமிஷ்காரர்கள் அவன் வீட்டுக்குப் போய் மன்னித்துவிட்டோம் என்றார்கள். அதே ஆட்கள், சபையை விட்டு விலகிக் கார் வாங்கிய சொந்த மகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கொலைகாரனுக்கு ஒரு நியாயம், பெற்ற பிள்ளைக்கு ஒரு நியாயமா? இது வெளிவேஷம்தானே? நம் ஊரில் பஞ்சாயத்து கூடித் தள்ளிவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

அமிஷ்காரர்கள் என்றால், கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் எளிமையாக வாழ்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வெளிவேஷம் இல்லை. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் வெட்டி எறிவது அவர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் வெளிவேஷம் இல்லை என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. சில சமயம் வெளிவேஷக்காரர்களே தேவலை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறமாகவாவது மகனைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். கொள்கையை மனதார நம்புகிற தாய்க்கு அந்தக் குறுக்குவழியும் கிடையாது.

நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். 2006 அக்டோபர் 2, திங்கட்கிழமை. லான்காஸ்டர் கவுண்ட்டியில் நிக்கல் மைன்ஸ் என்ற சின்ன ஊர்; அங்கே ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். வந்தவர் சார்லஸ் ராபர்ட்ஸ், 32 வயது, அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் பால் எடுக்கும் லாரியின் ஓட்டுநர். அமிஷ்காரர் இல்லை, ஆனால் அவர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் 10 சிறுமிகளை உள்ளே நிறுத்திவைத்துச் சுட்டார். ஐந்து பேர் இறந்தார்கள், ஐந்து பேர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். எல்லோருக்கும் 6 வயதிலிருந்து 13 வயதுக்குள். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சில அமிஷ் ஆண்கள் ராபர்ட்ஸின் மனைவியைத் தேடிப் போனார்கள். உங்கள்மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை என்று சொல்லத்தான். ராபர்ட்ஸின் அப்பா ஓய்வுபெற்ற காவலர். கார் வைத்துக்கொள்ளாத அமிஷ்காரர்களுக்கு வண்டி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று துண்டால் கண்ணைத் துடைத்தபடியே உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் ஓர் அமிஷ் அண்டைவீட்டுக்காரர் வந்து நின்று தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று ராபர்ட்ஸின் அம்மா டெர்ரி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வார இறுதியில் ராபர்ட்ஸை அடக்கம் செய்தபோது வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அமிஷ்காரர்கள். முந்தின இரண்டு நாட்களில் தங்கள் பெண்களைப் புதைத்த பெற்றோர்களும் அதில் இருந்தார்கள். பத்திரிகை கேமராக்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் போய் அரைவட்டமாக நின்று, முதுகைத் திருப்பி மறைத்துக்கொண்டார்கள். சிறுமிகளின் குடும்பங்களுக்காக உலகம் முழுவதும் இருந்து வந்த பணத்தில் ஒரு பங்கைக் கொலையாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பத்து நாளில் அந்தப் பள்ளியை இடித்துப் புல்தரை ஆக்கினார்கள். டெர்ரி பல வருடங்கள் வாரம் ஒருமுறை, அந்தச் சம்பவத்தில் எழுந்து நடக்க முடியாமல் போன ஒரு சிறுமியைக் குளிப்பாட்டவும் கதை படிக்கவும் போய்வந்தார். 2017இல் அவர் இறந்தார்.

இதையெல்லாம் நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே சமயம் "அமிஷ்காரர்களுக்குக் கோபமே வராது" என்று எழுதினார்களே, அதுவும் தப்பு. மகள்களை இழந்தவர்கள் ஆலோசகர்களிடம் போனார்கள். ராத்திரி தூக்கம் இல்லாமல் தவித்தார்கள். ஒவ்வொரு நாளும் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை மன்னிப்பு என்பது எடுக்கிற முடிவு. மனசு பின்னாலேயே மெதுவாக வந்து சேரும், சேராமலும் போகும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற பரமண்டல ஜெபத்தின் வரியை அவர்கள் கணக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள்: நீ மன்னிக்காவிட்டால் உனக்கும் மன்னிப்பு இல்லை.

சரி, தள்ளிவைப்புக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். அமிஷ் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானம் எடுக்காமலே வெளியேறுகிற பையனையோ பெண்ணையோ சபை தள்ளிவைப்பதில்லை. அம்மா அழுவாள், அப்பா முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். ஆனால் சபை விலக்கு கிடையாது. வீட்டுக்கு வரலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் 18 வயதிலிருந்து 22 வயதுக்குள், அவரவர் விருப்பத்தைச் சொல்லி, சபை முன்னால் முழங்காலில் நின்று, இந்த ஒழுங்குக்குச் சாகும்வரை கட்டுப்படுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான். அந்த வாக்கை மீறி, திருந்தவும் மறுத்தால்தான் விலக்கு. எடுத்த எடுப்பில் தள்ளிவைத்துவிட மாட்டார்கள். முதலில் டீக்கன் என்ற சபை ஊழியர் வீட்டுக்கு வந்து பேசுவார், அப்புறம் பிஷப். சின்னத் தப்பு என்றால் ஒப்புக்கொண்டாலே போதும். பெரிய தப்புக்கு ஆறு வாரத் தற்காலிக விலக்கு. அதற்கும் மசியாவிட்டால் சபையார் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் கேட்டு முழு விலக்கு.

விலக்கப்பட்டவரோடு பேசவே மாட்டார்கள் என்பதும் சரியில்லை. பேசலாம். அவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவர் கையிலிருந்து ஒரு பொருளை நேராக வாங்கக் கூடாது. அவர் ஓட்டும் காரில் ஏறக் கூடாது. அவரோடு வியாபாரம் கூடாது. தட்டை அவர் மேசைமேல் வைத்தால், அவர் கை எடுத்த பிறகு எடுத்துக்கொள்வார்கள். கட்டுப்பாடு மிகுந்த குழுக்களில் கணவன் மனைவிக்கும் இதே சட்டம்தான், படுக்கை வரைக்கும். ஆனால் அவருக்கு உதவி செய்ய எந்தத் தடையும் இல்லை. 1632இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் எழுதிய விசுவாச அறிக்கையைத்தான் அமிஷ்காரர்கள் இன்றும் ஞானஸ்நானத்துக்கு முன் இளைஞர்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். அதன் 17ஆம் பிரிவு தள்ளிவைக்கச் சொல்கிறது. அதே பிரிவே, அவர் பசியோடு இருந்தாலோ நோயில் விழுந்தாலோ உதவுவது உங்கள் கடமை என்றும் சொல்கிறது. ஆக, விலக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம். அவரிடமிருந்து வாங்கக் கூடாது. இதன் கொடுமையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற மகன் தன் காசில் ஒரு பழக்கூடையைக்கூட அம்மா கையில் கொடுக்க முடியாது.

சில வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு மேசைகளை நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போடுவார்கள். அதன்மேல் ஒரே பெரிய துணியை விரித்துவிடுவார்கள். பார்வைக்கு ஒரே மேசை, சட்டத்துக்கு இரண்டு. குடும்பம் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். இந்த மக்களைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை விட்டுப் போகாத விவரம் இதுதான். அந்தத் துணியை விரிக்கிறவருக்குத் தன் சபையின் சட்டத்தின் மேல் முழு நம்பிக்கையும் இருக்கிறது, மகனை விட மனசும் இல்லை.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1525இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில், அமிஷ்காரர்களின் முன்னோடிகளான சிலர் வளர்ந்த வயதில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது ராஜதுரோகம் மாதிரி. பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் தானாகவே சபையில் உறுப்பினர், ராஜ்யத்தில் குடிமகன் என்று இருந்த ஊரில், "நாங்கள் விரும்பித்தான் சேருவோம்" என்றால் யார் பொறுப்பார்கள்? 1527 ஜனவரியில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் கத்தோலிக்கர்கள் இல்லை, சீர்திருத்தம் பேசிய புராட்டஸ்டன்ட் நகர சபையினர். அடுத்த மாதமே ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் இந்த மறுஞானஸ்நானக்காரர்கள் கூடி ஏழு பிரிவுள்ள அறிக்கை எழுதினார்கள். அதில் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது. வாள் என்பது கிறிஸ்துவின் சபைக்கு வெளியே தேவன் வைத்த ஒன்று, கெட்டவனைத் தண்டிப்பது ராஜாங்கத்தின் வேலை. சபைக்கு உள்ளே பாவம் செய்தவனை எச்சரிக்கவும் நீக்கவும் விலக்கு ஒன்றுதான் உண்டு, வேறு ஆயுதம் கிடையாது என்கிறது அது.

அதாவது, விலக்கு என்பது கொலைக்கு மாற்றாக வந்தது. மதம் மாறினவனை எரித்தும் மூழ்கடித்தும் கொண்டிருந்த ஐரோப்பாவில், "நாங்கள் அதிகபட்சம் அவனோடு சாப்பிட மாட்டோம்" என்று சொன்னவர்கள் இவர்கள். அன்றைய கணக்கில் அது பெரிய தாட்சண்யம்.

வெளியாளிடம் இரக்கம் காட்டுவதும் அதே காலத்தில் வேர் விட்டதுதான். அமிஷ் வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிற தியாகிகளின் வரலாற்றுத் தொகுப்பு ஒன்று உண்டு, 1660இல் டச்சு மொழியில் வெளிவந்தது. அதில் டிர்க் வில்லெம்ஸ் என்பவரின் கதை எல்லா அமிஷ் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஹாலந்தின் ஆஸ்பெரன் ஊரில் காவலில் இருந்தவர், கந்தல்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பித்தார். குளிர்காலத்தில் உறைந்திருந்த நீர்நிலைமேல் ஓடினார். சிறைச் சாப்பாட்டில் இளைத்துப் போயிருந்ததால் பனி அவரைத் தாங்கிவிட்டது. துரத்தி வந்த காவலாளி பனி உடைந்து தண்ணீரில் விழுந்தான். டிர்க் திரும்பி ஓடிவந்து கை கொடுத்து அவனைத் தூக்கினார். அவனுக்கு இவரை விட்டுவிடத்தான் ஆசை. கரையில் நின்ற அதிகாரி உன் சத்தியப் பிரமாணத்தை நினைத்துக்கொள் என்று கத்தினார். 1569 மே 16 அன்று டிர்க்கை எரித்தார்கள். காற்று தீயை ஒரு பக்கமாகத் தள்ளியதில் உயிர் போக நெடுநேரம் ஆனது. நிக்கல் மைன்ஸில் பெற்றோர் செய்ததை உலகம் ஆச்சரியமாகப் பார்த்தது. அவர்களுக்கு அது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு தப்பு வழியில் நடக்கிறவனோடு சாப்பிடவும் வேண்டாம் என்கிறார். உடனே அடுத்த வரியில், வெளியே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்ய நான் யார், அவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார். ராபர்ட்ஸ் வெளியே இருந்தவர். அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, ஆகவே மீறவும் இல்லை. ஊரில் யாரோ ஒருவன் என்னை ஏமாற்றுவதும் தாலி கட்டினவன் ஏமாற்றுவதும் ஒன்றா என்று கேட்டால் நமக்குப் புரிகிறதல்லவா, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மன்னித்தோம் என்றால் தண்டனை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ராபர்ட்ஸ் உயிரோடு இருந்திருந்தால் போலீஸ் பிடித்திருக்கும், நீதிமன்றம் சிறையில் போட்டிருக்கும், அமிஷ்காரர்கள் குறுக்கே நின்றிருக்க மாட்டார்கள். பழி வாங்கும் உரிமையை நாங்கள் விட்டுவிட்டோம், அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அதே மாதிரி விலக்கப்பட்ட மகனையும் தாய் மன்னித்திருக்கலாம். மன்னிப்பு அவள் கொடுக்கக்கூடியது. மேசையில் இடம் சபை கொடுக்க வேண்டியது. அவர்கள் இதை இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இதுவரை அவர்கள் தரப்பை அவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். இனி என் தரப்பு.

முதல் சிக்கல் வாக்கு. எல்லாம் அந்த வாக்கின்மேல் நிற்கிறது. அது எவ்வளவு சுதந்திரமாகக் கொடுத்த வாக்கு? அமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விஸ்கான்சின் மாநிலம் தொடர்ந்த வழக்கில், அதற்கு மேல் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமிஷ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரைக் கேட்டீர்கள், பிள்ளைகளைக் கேட்டீர்களா என்றார். அந்தப் பிள்ளைக்குப் பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசை இருக்கலாமே என்றார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரவில்லை. எட்டாம் வகுப்பு, வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன், தெரிந்த எல்லா முகமும் சபைக்குள்ளே. ஞானஸ்நானம் எடுத்தால்தான் அமிஷ் பெண்ணையோ பையனையோ கட்ட முடியும். இந்த நிலையில் 19 வயதில் ஒருவர் சொல்கிற "சம்மதம்" பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஆயுள் முழுக்க வட்டி வசூலிப்பது அதிகம்.

ஒரு பையன் பதினெட்டில் ஓடிப்போனால் தப்பித்தான். மனசாட்சிப்படி யோசித்து, நல்லபடியாக ஞானஸ்நானம் எடுத்து, முப்பதில் மறுபடி யோசித்தவன் மாட்டிக்கொண்டான். மதத்தைச் சீரியஸாக எடுத்துக்கொண்டவனுக்குத்தான் தண்டனை.

1947இல் ஓஹாயோ மாநிலத்தின் வேய்ன் கவுண்ட்டியில் நடந்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டும். யோடர் என்ற அமிஷ் விவசாயிக்கு ஒரு கைக்குழந்தை, நோயாளி. அடிக்கடி ஊஸ்டர் நகரத்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. குதிரை வண்டியில் அத்தனை தூரம் கட்டுப்படியாகாமல், கார் வைத்துக்கொள்ள அனுமதிக்கிற, கொஞ்சம் தளர்வான வேறொரு அமிஷ் சபைக்கு மாறினார். கடவுளை விடவில்லை, ஞானஸ்நானத்தை விடவில்லை, அமிஷ் என்ற பெயரைக்கூட விடவில்லை. பழைய சபை அவரைத் தள்ளிவைத்தது. கதிரடிப்புக்கு ஒருவருக்கொருவர் கைமாற்றாக உதவிக்கொள்கிற ஊரில் அவர் வயலுக்கு யாரும் வரவில்லை, கூடப்பிறந்தவர்களே ஒதுங்கினார்கள். அவர் பிஷப் உட்பட நான்கு பேர்மேல் வழக்குப் போட்டார். அமிஷ்காரர்கள் தங்களுக்காக வழக்காட மாட்டார்கள். அந்த நால்வரும் வக்கீல் வைக்காமல் வந்து நின்றார்கள். ஜூரி 5,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர்கள் கொடுக்கவில்லை, பிஷப்பின் பண்ணைச் சாமான்களை ஏலம் விட்டார்கள்.

நான் இரண்டு பக்கத்துக்கும் வருத்தப்படுகிற வழக்கு இது. பிஷப் தன் பண்ணைச் சாமான்கள் ஏலம் போவதை எதிர்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றாரே, அது டிர்க் வில்லெம்ஸின் வம்சம்தான். ஆனால் நோயாளிக் குழந்தைக்காகக் கார் வாங்கியவனை மேசையை விட்டு எழுப்பியவரும் அதே மனிதர்தான். தன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம். அடுத்தவனுடைய நஷ்டத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கலைப் பற்றி வெளியில் அவ்வளவாகப் பேசுவதில்லை. உலகம் மெச்சிய அந்த மன்னிப்பு, சபைக்கு உள்ளே திரும்பும்போது வேறு முகம் காட்டுகிறது. சபைக்குள் ஒருவன் ஒரு பெண் குழந்தையிடம் தப்பாக நடந்துகொண்டால், அவனை ஆறு வாரம் விலக்குவார்கள், அவன் முழங்காலிட்டு ஒப்புக்கொள்வான், சபை ஏற்றுக்கொள்ளும். அதோடு முடிந்தது, இனி யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மன்னிக்காத குற்றம் அந்தப் பெண்ணின்மேல் வரும். போலீஸுக்குப் போனவளைக் குற்றவாளி போலப் பார்த்த ஊர்கள் உண்டு. இப்படி வெளிவந்த வழக்குகள் பென்சில்வேனியா, ஓஹாயோ, மிசூரி என்று பல மாநிலங்களில் தண்டனையில் முடிந்திருக்கின்றன. நிக்கல் மைன்ஸில் மன்னித்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மறுக்க முடியாத மன்னிப்பு, கொடுக்கிறவளின் கையில் இல்லாத மன்னிப்பு, அதை அதே பெயரில் அழைக்க எனக்குத் தயக்கம். கொலையாளி வெளியாள் என்பதால் அங்கே போலீஸ் இருந்தது, சட்டம் இருந்தது. மன்னிப்பு தன் வேலையை மட்டும் செய்தால் போதுமாக இருந்தது. உள்ளே, போலீஸின் வேலையையும் மன்னிப்பின் தலையில் கட்டுகிறார்கள்.

அப்புறம், "அமிஷ்காரர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அவர்களுக்குள்ளேயே இந்த விஷயத்தில் முந்நூறு வருடச் சண்டை இருக்கிறது. அமிஷ் என்ற பிரிவே இதில் பிறந்ததுதான். 1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், விலக்கப்பட்டவரோடு சாப்பிடுவதையும் நிறுத்த வேண்டும் என்றார். சுவிஸ் பக்கத்து மூத்தவர் ஹான்ஸ் ரைஸ்ட், கர்த்தருடைய பந்தியில் சேர்க்காவிட்டால் போதும் என்றார். இரண்டாவது சண்டை அதைவிடச் சுவாரசியம். அந்தக் காலத்தில் சபையில் சேராமலே இவர்களை ஒளித்துவைத்து, சோறு போட்டு, காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய நல்ல உள்ளங்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு ரட்சிப்பு உண்டா? உண்டு என்று நம்பலாம் என்றார் ரைஸ்ட். ஞானஸ்நானம் எடுக்காமல் எப்படி, கிடையாது என்றார் அம்மான். அம்மான் தனக்கு ஒத்துவராதவர்களை எல்லாம் வரிசையாக விலக்கினார். 1700 வாக்கில் அம்மானும் அவர் பக்கத்தாரும் அவசரப்பட்டுவிட்டோம் என்று வருந்தித் தங்களையே விலக்கிக்கொண்டு சமாதானம் பேசினார்கள். தள்ளிவைப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் சமாதானம் நடக்கவில்லை.

1927இல் பென்சில்வேனியாவின் சாமர்செட் கவுண்ட்டியில் மோசஸ் பீச்சி என்ற பிஷப், வேறொரு நல்ல சபைக்குப் போனவர்களைத் தள்ளிவைக்க மாட்டேன் என்று நின்றதில் இன்னொரு பிரிவு உண்டானது. இன்றும் ஓஹாயோ, இண்டியானா பக்கம் பல அமிஷ் சபைகளில், போனவர் மென்னோனைட் போன்ற, இதே மரபில் வந்த ஒரு சபையில் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் விலக்கை எடுத்துவிடுகிறார்கள். லான்காஸ்டரில் அப்படி இல்லை, ஆயுளுக்கும்தான். உங்கள் கேள்வியில் வரும் மகன் ஓஹாயோக்காரராக இருந்தால் அவர் கதை வேறாக இருக்கலாம்.

நிக்கல் மைன்ஸ் நடந்த அதே 2006இல் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஓஹாயோவின் பெர்கோல்ஸ் குடியிருப்பில் சாம் மல்லெட் என்ற பிஷப், தன்னை விட்டு விலகிய குடும்பங்களையெல்லாம் தள்ளிவைத்தார். சுமார் 300 அமிஷ் தலைவர்கள் கூடி, இந்த விலக்கு செல்லாது, யாரும் மதிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவர் அதை மறக்கவில்லை. 2011இல் அவருடைய ஆட்கள் ராத்திரியில் வீடு புகுந்து எதிர்த்தரப்பு ஆண்களின் தாடியையும் பெண்களின் தலைமுடியையும் வெட்டினார்கள். அமிஷ் ஆணுக்குத் தாடி போவது ஆடை போவது மாதிரி. 2012இல் 16 பேர் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. விலக்கு ஒரு தனி ஆளின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும். அந்த 300 பேர் செய்தது, அதைச் சரிசெய்கிற வழி அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு.

நம் ஊர்த் தள்ளிவைப்போடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். வெளித்தோற்றம் அதேதான்: அன்னந்தண்ணி புழங்காமை, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமை, கடையில் சாமான் கொடுக்காமை. அடிப்படை வேறு. நம் ஊரில் யாரும் 20 வயதில் முழங்காலிட்டு "இந்தச் சாதியில் சேருகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதில்லை. பிறந்ததே குற்றத்துக்குப் போதும். பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்தால் அவள் தகப்பனையும் சேர்த்துத் தள்ளிவைக்கிறார்கள். பட்டினி கிடந்தால் உதவு என்கிற 17ஆம் பிரிவும் நம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. அமிஷ் விலக்கு இதைவிட எவ்வளவோ மேல். நம்முடையது அவ்வளவு மோசம் என்பதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டம் இதில் தலையிடலாமா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். பம்பாய் மாகாணம் 1949இல் சமய விலக்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் தலைவர் தொடர்ந்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவிலிருந்து விலகிய ஒரு பெண் தொடர்ந்த வழக்கில், ஒதுக்குவது மத உரிமை என்று 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நார்வேயில் அரசு வேறு வழியில் போனது: ஒதுக்கிவைப்பதால் விலகும் உரிமை பாதிக்கிறது என்று சாட்சிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் பதிவையும் நிறுத்தியது. 2024இல் கீழ் நீதிமன்றம் அரசுக்கும், 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளுக்கும் சாதகமாகச் சொன்னது. சாட்சிகள் விஷயத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை, அவர்கள் வயது வராத பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதுதான். பதின்மூன்று வயதில் கொடுத்த வாக்குக்குப் பெற்றோரையே இழக்க வேண்டும் என்றால், அமிஷ்காரர்கள் சொல்கிற நியாயம்கூட அங்கே நிற்காது. யாரோடு சாப்பிடுவது என்பதை நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்றே நினைக்கிறேன். அரசு செய்யக்கூடியது வேறு: விலகி வருகிறவருக்குப் படிப்பு, அடையாள ஆவணம், ஒரு வேலை. பிறப்புச் சான்றிதழோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ இல்லாமல் வெளியே வருகிற அமிஷ் இளைஞர்களுக்கு முதல் வருடம் போவது அதைத் தேடித்தான்.

கடைசியாக, மகன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இது முழுசாகாது. எத்தனை வருடம் ஆனாலும் கதவு திறந்திருக்கும். அவர் காரை விற்றுவிட்டு, சபை கூடும் ஞாயிற்றுக்கிழமை வந்து, முழங்காலிட்டுத் தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிஷப் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு முத்தம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார். அன்று மத்தியானமே எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பாடு. முப்பது வருடம் கழித்து வந்தாலும் பழையதை யாரும் குத்திக்காட்ட மாட்டார்கள். குடித்துக் கெட்டவர், பணத்தில் ஏமாற்றியவர் எல்லோரும் இந்த வழியில் திரும்பி வந்திருக்கிறார்கள். திரும்ப முடியாதவர் யோடரைப் போன்றவர்தான்: குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகக் கார் வாங்கியதைத் தப்பு என்று முழங்காலில் நின்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் பொய் சொன்னதாக ஆகிவிடும். பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததும் அதே சபைதான்.